கடலடி நீரோட்டத்தோடு ஒரு பயணம்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ஸ்கூபா டைவிங் பற்றி எழுதியபோது, மாலத்தீவில் நீரோட்டத்தை எதிர்க்காமல் அதன் போக்கிலேயே போய், நங்கூரமிடாத படகில் ஏறித் திரும்பும் 'ட்ரிஃப்ட் டைவிங்' என்ற முறையை இரண்டே வரிகளில் குறிப்பிட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த இரண்டு வரிகளைத்தான் பிடித்துக்கொண்டன. கடற்கரையே இல்லாத மதுரை மாவட்டத்திலிருந்து இத்தனை கடல் கேள்விகள் வரும் என்று ஆசிரியர் குழு எதிர்பார்க்கவில்லை. கிணற்றிலும் கண்மாயிலும் நீச்சல் பழகிய ஊர்க்காரன் என்பதால் எனக்கு அதில் வியப்பில்லை. ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒன்றாக்கி, சிலவற்றுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன்.

பெரியார் கால்வாயில் தண்ணீர் திறந்துவிடும் காலத்தில் கள்ளந்திரிப் பக்கம் குதித்து, லாரி டியூபைப் பிடித்துக்கொண்டு நீரின் போக்கில் நெடுந்தூரம் போய்க் கரையேறுவோம். நீங்கள் சொல்லும் ட்ரிஃப்ட் டைவிங் இதுதானா? இதற்கு எதற்குப் பயிற்சி?
*– மேலூர் வாசகர்*

அடிப்படையில் இரண்டும் ஒன்றுதான். (கால்வாயில் மிதப்பதை நான் ஆமோதிக்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்; ஷட்டருக்கு அருகே நீரின் இழுப்பு எப்படி இருக்கும் என்பது மேலூர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.) ஆனால் கரையேறிய பிறகு நடப்பதை எழுதாமல் விட்டுவிட்டீர்கள். சட்டையைக் கழற்றிவைத்த இடத்துக்கு ஈரத் துண்டோடு கரையோரமாக நடந்தே திரும்பியிருப்பீர்கள் அல்லவா? கடலில் அப்படி நடந்து வரக் கரை கிடையாது. ட்ரிஃப்ட் டைவிங்கின் ஏற்பாடுகள் அனைத்தும் அந்த ஒரு குறையை ஈடுகட்டுவதற்காகவே உண்டானவை.

வழக்கமான முக்குளிப்பில் படகு நங்கூரமிட்டோ, மிதவையில் கட்டப்பட்டோ ஓரிடத்தில் நிற்கும். முக்குளிப்பவர் முதலில் நீரோட்டத்தை எதிர்த்துச் சற்றுத் தூரம் போய், பாதிக் காற்று தீருவதற்கு முன்பே திரும்பி, நீரோட்டத்தின் உதவியோடு படகை வந்தடைவார். ட்ரிஃப்ட் முறையில் படகு நங்கூரமிடுவதே இல்லை. நீரோட்டம் எங்கிருந்து வருகிறதோ அந்த முனையில் ஆட்களை இறக்கிவிட்டு, அவர்கள் கீழே போகும் திசையிலேயே மேலே மெல்லப் பின்தொடர்ந்து, கடைசியில் அவர்கள் எழும்பும் இடத்தில் ஏற்றிக்கொள்கிறது.

உள்ளே இருப்பவருக்கு நீர் ஓடுவதே தெரியாது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். அவரும் நீரின் வேகத்திலேயே போவதால் உடலில் எந்த இழுப்பும் படாது. பவளப்பாறைதான் ரயில் ஜன்னலுக்கு வெளியே மரங்கள் ஓடுவதைப் போல எதிர்த்திசையில் ஓடிக்கொண்டிருக்கும். மீன்கள் பெரும்பாலும் நீர் வரும் திசையை நோக்கித் தலையை வைத்து நிற்பதால், நீரோட்டம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை மீன்களைப் பார்த்தே சொல்லிவிடலாம். கால்களுக்கு வேலை மிகக் குறைவு. திசை மாற்றுவதற்குச் சிறு உதைப்பு போதும்.

பயிற்சி எதற்கு என்று கேட்டீர்கள். மேலேயும் போகாமல், கீழேயும் அமிழாமல், நினைத்த ஆழத்தில் அந்தரத்தில் நிற்கக் கற்பதற்குத்தான். தரையை ஒட்டிய நீர் உராய்வினால் மெதுவாக ஓடும். நாலைந்து மீட்டர் மேலே அதே நீர் வேகமாக ஓடும். உங்கள் துணைவர் பாறையை ஒட்டிப் போக, நீங்கள் சற்று மேலே போனால், ஐந்தே நிமிடத்தில் இருவரும் ஒருவரை ஒருவர் தொலைத்துவிடுவீர்கள். லாரி டியூபில் இந்தச் சிக்கல் வருவதில்லை; எல்லோரும் ஒரே மட்டத்தில், நீரின் மேற்பரப்பில்தான் மிதக்கிறீர்கள்.

ஒன்பது வயதில் கிணற்றில் நீச்சல் பழகியவன். வைகையில் வெள்ளம் வந்தபோது அக்கரைக்கு நீந்தியவன். நீரோட்டம் இழுத்தால் எதிர்நீச்சல் போட்டுத் திரும்பிவிட முடியாதா? 'எதிர்க்க வேண்டாம்' என்று எழுதியிருக்கிறீர்களே, அது பயந்தவர்களுக்கான அறிவுரையா?
*– திருமங்கலம் வாசகர்*

வெள்ளத்தில் அக்கரைக்கு நீந்தினீர்களே, புறப்பட்ட இடத்துக்கு நேரெதிரேயா கரையேறினீர்கள்? நிச்சயமாக இருக்காது. நீர் இழுத்த இழுப்புக்கு விட்டுக்கொடுத்து, குறுக்கே மட்டும் நீந்தி, வெகுதூரம் கீழே போய்க் கரையேறியிருப்பீர்கள். கடலடியிலும் நான் சொல்வது அதைத்தான்.

கணக்கைப் பார்ப்போம். கடலில் வேகத்தை அளக்கும் அலகான 1 நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர். மீனாட்சியம்மன் கோயில் ஆடி வீதியைச் சுற்றிவரும் முதியவரின் நடைவேகம்கூட அதைவிட அதிகம். ஆயினும் அந்த வேகத்தில் ஓடும் நீர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 31 மீட்டர் நகர்கிறது. முதுகில் சிலிண்டரும், மிதப்பதற்குக் காற்று நிரப்பும் ஜாக்கெட்டும் மாட்டிக்கொண்டு, காலில் துடுப்புபோன்ற ஃபின்ஸ் அணிந்து நிதானமாக நீந்தும் ஒருவர் சுமார் அதில் பாதி வேகத்தில்தான் போக முடியும். காற்றைவிட நீர் ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது உடலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். எனவே 1 நாட் ஓட்டத்தைச் சில நிமிடங்களுக்கு எதிர்த்து நிற்பவர்கூட 2 நாட் ஓட்டத்தில் ஒரு கணம் நிற்க முடியாது.

அதைவிட முக்கியமான கணக்கு காற்றைப் பற்றியது. 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் அடைத்த காற்று, மேற்பரப்பின் அளவில் 2,400 லிட்டர். அமைதியாக இருப்பவர் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பதாக வைத்துக்கொள்வோம். 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப்போல் மூன்று மடங்கு என்பதால், அங்கே அதுவே நிமிடத்துக்கு 60 லிட்டராகிவிடும். 50 பாரைக் கையிருப்பாக ஒதுக்கினால் மிஞ்சுவது 30 நிமிடத்துக்கான காற்று. எதிர்நீச்சல் போட்டு மூச்சு வாங்கத் தொடங்கினால் இந்த 30 நிமிடம் 15 நிமிடமாகச் சுருங்கும். உடலில் கரியமில வாயு சேர்ந்து, எவ்வளவு இழுத்தாலும் மூச்சு போதவில்லை என்ற தவிப்பும் வந்துவிடும். நான் பார்த்தவரையில், குழுவில் முதலில் காற்றைத் தீர்த்துவிட்டு மேலே வருபவர்கள் பெரும்பாலும் உங்களைப் போன்ற நல்ல நீச்சல்காரர்கள்தான்.

கிணறும் வைகையும் சொல்லித்தராத ஒன்று உண்டு. செங்குத்தாக இறங்கும் பாறைச் சுவர்களிலும், பவளத் தீவுகளுக்கு இடையே உள்ள கால்வாய் வாய்களின் மூலைகளிலும் நீர் சில சமயம் கீழ்நோக்கி ஓடும். நீங்கள் விடும் குமிழிகள் மேலே போகாமல் உங்களைச் சுற்றிச் சுழன்றாலோ கீழே இறங்கினாலோ அதுவே அறிகுறி. அப்போது நேராக மேலே நீந்த முயல்வது வீண். பக்கவாட்டில் நகர்ந்து அந்த ஓட்டத்தைவிட்டு வெளியேற வேண்டும். அல்லது உயிருள்ள பவளத்தைத் தவிர்த்து, வெறும் பாறையாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டு சிறிது சிறிதாக மேலேற வேண்டும். ஜாக்கெட்டில் காற்று சேர்க்கலாம். ஆனால் ஓட்டம் விட்ட கணத்தில் அந்தக் காற்று விரிந்து உங்களை மேலே வீசிவிடும் என்பதால், உடனே அதை வெளியேற்றுவதற்கு ஒரு கை தயாராக இருக்க வேண்டும். எந்த நிலையிலும் மூச்சை அடக்கக் கூடாது. மேலேறும்போது நுரையீரலில் உள்ள காற்றும் விரியும்.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் தோழிகளோடு மாலத்தீவு போகிறாள். பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கியிருக்கிறாள். படகு நங்கூரம் போடாது என்று உங்கள் கட்டுரையில் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் வரவில்லை. நடுக்கடலில் படகுக்காரர் அவளை எப்படிக் கண்டுபிடிப்பார்?
*– மதுரை அண்ணா நகர் வாசகி*

அம்மா, இந்த வாரம் வந்த கடிதங்களிலேயே சரியான கேள்வி உங்களுடையதுதான். மற்றவர்கள் நீருக்கடியில் நடப்பதைக் கேட்கிறார்கள். இவ்வகை முக்குளிப்பில் கவலைப்பட வேண்டிய இடம், நீங்கள் சொன்னதுபோல, மேலே வந்த பிறகுதான்.

1 நாட் நீரோட்டத்தில் 45 நிமிடம் போனால், இறங்கிய இடத்திலிருந்து ஏறத்தாழ 1.4 கிலோமீட்டர் தள்ளி எழும்புவார்கள். அலைகளுக்கு நடுவே ஒரு மனிதத் தலை மிதக்கும் தேங்காயளவுக்குத்தான் தெரியும். அதனால் எழும்புவதற்கு முன்பே மேலே தகவல் போயாக வேண்டும். அதற்கென்று ஆரஞ்சு நிறத்தில், ஓர் ஆள் உயரத்துக்கு நீண்ட குழல் வடிவ மிதவை ஒன்று உண்டு. சுருட்டி ஜாக்கெட்டில் வைத்திருப்பார்கள். முக்குளிப்பு முடியும் தறுவாயில் அதில் சிறிது காற்றை ஊதிவிட்டால், அது ரீலில் சுற்றிய நூலை இழுத்துக்கொண்டு மேலேறி, நீர்ப்பரப்பில் கம்பம்போல் நிமிர்ந்து நிற்கும். நூலின் கீழ்முனையில் உங்கள் மகள் இருப்பார். 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நின்று, இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் சற்று வெளியேறிய பிறகே அவர்கள் மேலே வர வேண்டும்; அந்த மூன்று நிமிடமும் நீரோட்டம் இழுத்துக்கொண்டேதான் இருக்கும். மிதவை மேலே நிற்பதால் படகுக்காரர் பின்தொடர்ந்து வந்துவிடுவார். வேறு படகுகளும் அந்த இடத்தைவிட்டு விலகிப்போகும். நீரோட்டம் மிதமாக உள்ள இடங்களில் குழுத் தலைவர் தொடக்கத்திலிருந்தே ஒரு மிதவையை நூலில் பிடித்து இழுத்துச் செல்வதும் உண்டு.

முத்துக்குளித்த காலத்தில் நம் கடற்கரையிலும் இதே ஏற்பாடுதான் இருந்தது. கல்லைக் கட்டி ஒருவர் இறங்குவார். மேலே ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். தங்கை தாலியை நினைத்தாவது கயிற்றை விடமாட்டான் என்பதால் மனைவியின் உடன்பிறந்தவனைத்தான் அதற்கு வைப்பார்கள் என்ற பேச்சு இன்றும் உண்டு. இப்போது மச்சானின் இடத்தில் அந்த மிதவையும் படகுக்காரரும் இருக்கிறார்கள்.

ஆகவே மகளிடம் சில விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். குழுவுக்கு ஒன்று என்றில்லாமல், அவரிடம் சொந்தமாக ஒரு மிதவை இருக்கிறதா. அதை நீருக்கடியிலிருந்து அனுப்பிப் பழகியிருக்கிறாரா என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விதான் முக்கியம். நூல் கையிலோ ஜாக்கெட்டிலோ சிக்கிக்கொண்டால் மிதவை ஆளையும் சேர்த்து மேலே இழுத்துவிடும் என்பதால், அதைக் குளத்திலோ நீச்சல் குளத்திலோ பலமுறை பழகியிருக்க வேண்டும். ஒரு விசிலும், வெயிலைத் திருப்பிக் காட்ட ஒரு சிறு கண்ணாடியும் ஜாக்கெட்டில் இருக்கட்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் குதிக்க வேண்டும். ஒருவர் மாஸ்கைச் சரிசெய்துகொண்டு இரண்டு நிமிடம் தாமதித்தால் அறுபது மீட்டர் பிரிந்துவிடுவார். குழுவைத் தவறவிட்டால், ஒரு நிமிடம் சுற்றிப் பார்த்துவிட்டு, மிதவையை அனுப்பி, நிதானமாக மேலே வந்துவிட வேண்டும். கீழேயே தேடிக்கொண்டிருப்பது இவ்வகை முக்குளிப்பில் பெரிய தவறு. படகை ஓட்டுபவர் முக்குளிப்பு முடியும்வரை கடலைப் பார்த்துக்கொண்டிருப்பாரா, மீன்பிடித் தூண்டிலைப் பார்த்துக்கொண்டிருப்பாரா என்பதை முதல் நாளிலேயே கவனித்துவிடலாம்.

ஆறு மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடுகிறது. கடல் மட்டமாகத்தானே இருக்கிறது, அதற்குள் நீர் எப்படி ஓடும் என்று என் மாணவன் கேட்டான். எப்போது ஓடும் என்பதை முன்கூட்டியே எப்படி அறிகிறார்கள்?
*– உசிலம்பட்டி ஆசிரியர்*

உங்கள் மாணவனைக் கண்மாய்க் கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். கண்மாயில் நீர் அசையாமல் நிற்கிறது. மடையைத் திறந்தால் மடைவாயில் மட்டும் பாய்ந்து ஓடுகிறது. மாலத்தீவின் பவளத் தீவு வளையங்கள் ஒவ்வொன்றும் ஒரு பெரிய கண்மாய்; வளையத்தின் இடைவெளிகளே மடைகள். அந்த ஊர் மொழியில் அவற்றைக் 'கண்டு' என்பார்கள். கண்மாய் மடையில் நீர் வெளியே மட்டும்தான் போகும். கண்டில் இரு திசையிலும் ஓடும் என்பது ஒன்றுதான் வேறுபாடு.

ஓட வைப்பவை இரண்டு. ஒன்று நிலவு. அதன் ஈர்ப்பினால் கடல்மட்டம் உயர்ந்து தாழ்கிறது. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே பெரும்பாலான கடல்களில் சுமார் 12 மணி 25 நிமிடம் ஆகிறது. அதனால் அதே நிலை நாளுக்கு 50 நிமிடம் தள்ளி வரும். சூரியனும் நிலவும் ஒரே கோட்டில் இழுக்கும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற இறக்கம் கூடி நீரோட்டமும் வலுக்கும். அஷ்டமியை ஒட்டித் தணியும். வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரே இதற்குப் போதுமான முதற்குறிப்பு. துல்லியமான நேரத்துக்கு அந்தந்தக் கடலின் ஓத (ஏற்ற இறக்க) அட்டவணையைப் பார்க்க வேண்டும். மற்றொன்று பருவக்காற்று. வடகிழக்குப் பருவத்தில் மாலத்தீவில் நீர் பொதுவாகக் கிழக்கிலிருந்து மேற்காகவும், தென்மேற்குப் பருவத்தில் மேற்கிலிருந்து கிழக்காகவும் தள்ளப்படுகிறது.

ஏற்றம் முடிந்து இறக்கம் தொடங்குவதற்கு இடையே நீர் சற்று நேரம் நின்றுபோகும். புதியவர்களை அந்த நேரத்தை ஒட்டி இறக்குவது நல்லது. திசையைப் பொறுத்தவரை, பெருங்கடலிலிருந்து வளையத்துக்குள் நீர் புகும் நேரத்தையே நான் விரும்புவேன். அப்போது நீர் தெளிவாக இருக்கும். சுறாக்கள் மடைவாயில் கூடும். முக்குளிப்பவர்களும் வெளிக்கடலுக்குப் போகாமல் அலையடங்கிய உட்பகுதிக்கே தள்ளப்படுவார்கள்.

ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்றின் விலை என்ன? சொந்தமாக வாங்கலாமா?
*– திண்டுக்கல் வாசகர்*

முதுகில் இருப்பது ஆக்சிஜன் சிலிண்டரே இல்லை. நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றைத்தான் வடிகட்டி அழுத்தி அடைக்கிறார்கள். தூய ஆக்சிஜனை 6 மீட்டருக்குக் கீழே சுவாசித்தால் வலிப்பு வரக்கூடும். சிலிண்டரை வாங்கி மதுரைப் பக்கம் எங்கே நிரப்புவீர்கள்? முக்குளிக்கும் இடத்தில் வாடகைக்கு எடுப்பதே வசதி. செலவு செய்வதாக இருந்தால் முகத்துக்குச் சரியாகப் பொருந்தும் மாஸ்க் ஒன்றும், மேலே சொன்ன மிதவை ஒன்றும் வாங்குங்கள்.

பாம்பன் சாலைப் பாலத்தில் நின்று கீழே பார்த்தால் கடல் ஆறுபோல் ஓடுகிறது. மாலத்தீவு எதற்கு, இங்கேயே இந்த முக்குளிப்பைச் செய்யலாமே?
*– பரமக்குடி வாசகர்*

நீங்கள் பார்த்தது சரி. மன்னார் வளைகுடாவையும் பாக் நீரிணைப் பகுதியையும் இணைக்கும் குறுகிய மடை அது. தென்மேற்குப் பருவத்தில் நீர் பொதுவாகத் தெற்கிலிருந்து வடக்காகவும், வடகிழக்குப் பருவத்தில் வடக்கிலிருந்து தெற்காகவும் பாய்கிறது. நம் மீனவர்கள் நீரோட்டத்தை 'நீவாடு' என்கிறார்கள். வலை விடுவதற்கு முன் காற்றோடு நீவாட்டையும் பார்ப்பார்கள். எந்த நாளில் கடல் தெளியும், எந்த நாளில் கலங்கும் என்பதை அவர்களைவிடத் தெரிந்தவர் யாரும் இல்லை.

ஆனால் நீர் ஓடுவது மட்டும் போதாது. பாலத்துக்கடியில் பாறைகளும் தூண்களும் படகுப் போக்குவரத்தும் உள்ளன. அது முக்குளிக்கும் இடமே அல்ல. பாக் நீரிணைப் பக்கம் பெரும்பகுதி பத்துப் பன்னிரண்டு மீட்டர் ஆழத்துக்குள் முடிந்துவிடுவதால், காற்று சற்று வலுத்தாலே அடிமண் கிளறி நீர் கலங்கிவிடும். கையை நீட்டினால் விரல் தெரியாத நீரில், துணைவரைப் பார்த்துக்கொண்டே மிதந்துபோவது நடவாத காரியம். தெற்கே மன்னார் வளைகுடாவில் இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகள் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. வனத்துறையின் அனுமதி இல்லாமல் அங்கே இறங்கக் கூடாது. இராமேசுவரம் வட்டாரத்தில், கடல் அமைதியாக உள்ள மாதங்களில், அனுமதியுள்ள இடத்தில் ஆழம் குறைந்த முக்குளிப்பைப் பழகுங்கள். அந்தரத்தில் நிற்கும் பழக்கம் அங்கேயே கைவந்துவிடும். அதற்குப் பிறகு அந்தமானோ மாலத்தீவோ போகலாம். அரிச்சல்முனையில் குளிப்பதை மட்டும் முயலாதீர்கள். இரண்டு கடல்களின் ஓட்டமும் கூடும் அந்த இடத்தில் கரையோரத்திலேயே இழுப்பு அதிகம்.

நான்கு நண்பர்கள் சேர்ந்து இராமேசுவரத்தில் காலையில் ஸ்கூபா முடித்துவிட்டு, அப்படியே காரில் கொடைக்கானல் போய் இரவு தங்கத் திட்டமிட்டிருக்கிறோம். நீரோட்டம் உள்ள கடலில் இறங்கினால் களைப்பு அதிகம் இருக்குமா?
*– வாடிப்பட்டி வாசகர்*

களைப்பைப் பற்றிக் கேட்டீர்கள். நான் உங்கள் பயணத் திட்டத்தைப் பற்றிக் கவலைப்படுகிறேன். முக்குளித்த பிறகு உடலில் கரைந்துள்ள நைட்ரஜன் மெல்ல மெல்லத்தான் வெளியேறும். அதற்குள் காற்றழுத்தம் குறைந்த உயரத்துக்குப் போனால், சோடா பாட்டிலைத் திறந்ததைப் போல இரத்தத்திலும் மூட்டுகளிலும் குமிழிகள் உண்டாகலாம். மூட்டுவலியில் தொடங்கி பக்கவாதம்வரை போகக்கூடிய நோய் அது. முக்குளித்தவர் உடனே விமானம் ஏறக் கூடாது என்பது இதனால்தான். பறக்கும் விமானத்தின் உள்ளே இருக்கும் காற்றழுத்தம் சுமார் 1,800 முதல் 2,400 மீட்டர் உயரமுள்ள மலையில் இருப்பதற்குச் சமம். கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல் இருக்கிறது. ஆக, மாலையில் காட் ரோடு ஏறுவதும் மாலையில் விமானம் ஏறுவதும் உடலுக்கு ஒன்றுதான்.

ஒரே ஒரு முக்குளிப்பு என்றால் குறைந்தது 12 மணி நேரமும், ஒரே நாளில் பலமுறையோ பல நாட்களோ இறங்கியிருந்தால் குறைந்தது 18 மணி நேரமும் காத்திருக்க வேண்டும் என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் விதி. கடும் உழைப்போடு நீரோட்டத்தில் நீந்தியிருந்தால் இன்னும் கூடுதலாகக் காத்திருப்பது நல்லது. மதுரை சுமார் 130 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. அன்றிரவு அங்கே தங்குவதில் ஆபத்து இல்லை. மறுநாள் மதியத்துக்கு மேல் மலை ஏறுங்கள். அல்லது கொடைக்கானலை முதலில் வைத்துக்கொண்டு, இறங்கி வந்து, கடைசி நாளை இராமேசுவரத்துக்கு ஒதுக்குங்கள்.